பதினோராயிரம் பேரும் ஏழு மூட்டைச் சாமையும்

நானும் கவியாவும் விற்கிற சாமை ஒன்றுதான். கரியாலூருக்கு மேலே அதே மலைச் சரிவுகளில் விளைந்தது. உமி நீக்குவதும் சின்னசேலம் பக்கத்து அரவை மில் ஒன்றில்தான். விலையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் நான் குறைவு. இன்ஸ்டாகிராமில் என்னைப் பின்தொடர்கிறவர்கள் பதினோராயிரம் பேர்; கவியாவை ஆயிரத்து நானூறு பேர். ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் பக்கத்தில் ‘இந்த வாரச் சாமை தீர்ந்தது’ என்று ஒரு படம் ஏறிவிடும். கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முன்னறையில் ஏழு மூட்டை அசையாமல் நின்றது.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றை விட்டுவிடவும் எனக்குத் தெரியாது. மிக்சி நின்றால்கூட, கடையில் கொடுக்கும் முன் நான்கு திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுகிற ஆள் நான்.

கவியா முன்பின் தெரியாதவளாக இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. எட்டு மாதம் இதே முன்னறையில் உட்கார்ந்து எனக்குப் பொட்டலம் போட்டவள். கரியாலூரிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருவாள். ஒருநாள், “வூட்ல இருந்தே செய்யலாம்னு பாக்கறேங்க்கா” என்று சொல்லி வேலையிலிருந்து நின்றுவிட்டாள். மூன்றே மாதத்தில் அவளுக்கென்று ஒரு பக்கம்.

சாமையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. உமியை நீக்கினாலும் தவிடு ஒட்டியிருக்கும். தவிட்டில் எண்ணெய் உண்டு. மூன்று மாதம் தாண்டினால் அந்த எண்ணெய் காறிப்போகும். பிறகு கோழிக்குத்தான் போட வேண்டும். அதனால் தீபாவளி எனக்குக் கெடு. என் கொழுந்தன் வீரமணிக்கும் அதுதான் கெடு.

“அண்ணி, தீபாவளி வரைக்கும் பாப்பேன். அப்பறம் ரூமு எனக்கு. செல்போன் கவரு, சார்ஜரு போட்டா உன் சாமைய விட ஜாஸ்தி ஓடும்” என்று மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டே சொன்னான்.

“எந்திரிடா மொதல்ல. அது திங்கற பொருளு.”

“யாரு திங்கறாங்க?”

அவன் எழுந்ததும் மூட்டையைத் தட்டி நிமிர்த்தி வைத்தேன்.

கவியாவின் பக்கத்தை ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது திறப்பேன். அவள் பக்கத்தில் என்ன குறை என்று என்னைக் கேட்டால் மளமளவென்று சொல்வேன். கேமரா ஆடுகிறது. வெளிச்சம் இல்லை. பாதி வீடியோவில் ஒரு கோழி குறுக்கே போகிறது. எப்போது பார்த்தாலும் அதே நசுங்கிய அலுமினியப் பாத்திரம். இரண்டு நொடி பார்ப்பேன், வயிறு எரியும், கீழே தள்ளிவிட்டு எத்தனை லைக் என்று பார்ப்பேன். ஒரு வீடியோவையும் சத்தம் வைத்துக் கடைசிவரை பார்த்ததில்லை என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது.

“இன்னாடி, மறுபடியும் அவ பக்கத்தயே பாத்துக்கினு இருக்க?” என்பார் என் கணவர் கொளஞ்சியப்பன்.

“இல்லியே. மணி பாத்தேன்.”

“மணி செவுத்துல இருக்குது.”

அவளைவிட நன்றாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். கல்யாண வீடியோ எடுக்கிற ஆளை அழைத்துக்கொண்டு மலையேறினேன். டிரோன் பறக்கவிட்டு அருவி, மேகம், சாமைக் கதிர் மேல் காற்று என்று எடுத்து, எல்லாரும் அப்போது போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டையும் சேர்த்தேன். நாற்பத்து மூவாயிரம் பேர் பார்த்தார்கள். ‘சூப்பர் அக்கா’, ‘நம்ம ஊரு கெத்து’, ‘நம்ம மண்ணு’ என்று இதயங்களாகக் கொட்டின. வந்த ஆர்டர் இரண்டு. ஒன்று என் சித்தப்பா.

அந்த வெள்ளிக்கிழமையும் அவளுக்குத் தீர்ந்துபோனது.

ஒரு இயந்திரம் எப்படி ஓடுகிறதென்று வெளியிலிருந்து தெரியாவிட்டால் அதில் எதையாவது போட்டுப் பார்க்க வேண்டும். அதனால் கவியாவிடமே இரண்டு கிலோ சாமை வாங்கினேன். என் பெயரிலா வாங்குவேன்? சென்னையில் இருக்கும் என் நாத்தனார் எழில்மதியின் பெயர், முகவரி, போன் எண். பணம் மட்டும் என் போனிலிருந்து அனுப்பினேன். பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சாதாரண கவர், ஒட்டுத்தாள் கோணலாக ஒட்டியிருந்தது. அன்று முழுக்க எனக்கு மனது குளிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் எழில்மதி கூப்பிட்டாள்.

“அண்ணி, அந்தப் பொண்ணு வாட்ஸப்புல கேட்டுச்சு. குக்கர்லயா பாத்திரத்துலயா, எத்தினி பேருக்குன்னு. சொன்னேன். ஒரு வீடியோ அனுப்புச்சு. அதே மாரி செஞ்சேன். உதிரி உதிரியா வந்துச்சு அண்ணி! புள்ளைங்க ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்குச்சுங்க.”

“நான் முன்னாடி அனுப்பினதும் அதே சாமைதானே?”

எழில்மதி குரலைத் தாழ்த்தினாள்.

“உன்னுது மூணு வாட்டி ஆக்கினேன் அண்ணி. மூணு வாட்டியும் கூழு. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. நாய்க்கு ஊத்திட்டேன்.”

“சரி, போனை வை.”

“இரு அண்ணி. அவகிட்டயே இன்னும் ரெண்டு கிலோ சொல்லிட்டேன். பரவால்ல இல்ல?”

நான் போனை வைத்த சூட்டிலேயே கவியா கூப்பிட்டாள். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, எடுத்துவிட்டேன்.

“அக்கா, நல்லா கீறீங்களா? சென்னை ஆர்டருக்கு அண்ணன் பேருல பணம் வந்துச்சுங்க. கொளஞ்சியப்பன்னு.”

என் போனில் இருப்பது அவருடைய வங்கிக் கணக்கு. மூட்டைக்குப் பணம் போடும்போதெல்லாம் அந்தப் பெயரை எட்டு மாதம் பார்த்தவள் அவள்.

“அது வந்து... நாத்தனாருக்கு...”

“உங்க முன்ரூம்ல சாமை தீந்துபோச்சாங்க்கா?” என்று சிரித்தாள். “ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். நீங்க கேக்க மாட்டீங்க.”

“இன்னா சொல்லியிருப்ப?”

“அங்க இருக்கசொல்ல உங்க போனை நான்தானே எடுப்பேன். கூப்புடறவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேப்பாங்க. கொழகொழன்னு ஆவுது, இன்னா பண்றதுன்னு. நான் பதில் சொன்னா, ‘வளவளன்னு பேசாத, போனை வச்சுட்டுப் பொட்டலத்தப் போடு’ன்னு திட்டுவீங்க. அந்தக் கேள்விக்குத்தான் இப்ப வீடியோ போடறேன். வேற இன்னா செய்யறேன் நானு?”

திட்டியது உண்மை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து தொழிலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து வீடியோவுக்குப் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று அவள் வீடியோக்களை ஒவ்வொன்றாக, சத்தம் வைத்து, கடைசிவரை பார்த்தேன். நசுங்கிய பாத்திரத்தில் அவள் சொல்வது இதுதான். சாமை மணி மிகச் சிறியது. அரிசியில் தண்ணீர் நடுப்பகுதிக்குப் போய்ச்சேர நேரமாகும்; சாமையில் உடனே போய்விடும். நகரத்தில் குக்கரில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்து மூன்று விசில் விடுகிறார்கள். மணி உடைந்து கூழாகிறது. இருபது நிமிடம் ஊறவைத்து வடித்துவிட்டு, ஒரு தம்ளருக்கு இரண்டு தம்ளர் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சிறுதீயில் மூடிவைத்து, தண்ணீர் வற்றியதும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் மிச்சமிருக்கும் ஈரம் எல்லா மணிக்கும் சமமாகப் பரவுகிறது. எனக்கே ஆசையாக இருந்தது, எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று. அந்த அழகும் அவளுடையதாக இருந்ததுதான் பொறுக்கவில்லை.

மறுநாளே நானும் செய்து காட்டினேன். நல்ல வெளிச்சம், புதுப் பாத்திரம், கோழி கிடையாது. ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஆர்டர் பூஜ்யம். திருக்கோவிலூர் பூமாலைப் பெரியம்மா அதன் கீழே எழுதியிருந்தார்: ‘ஏம்மா மணிமொழி, சாமை ஆக்கறதக் கூடவா சொல்லித் தருவாங்க? மலையில தெரிஞ்சவங்க வூட்ல இருந்து நமக்கு மூட்டையா வருதே, நான் தெனம் ஆக்கறேன்.’

சிரிக்கிற பொம்மை போட்டு இருபத்தெட்டுப் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்து, யார் யாரென்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. என் பக்கத்தைப் பார்ப்பவர்கள் எந்த ஊர் என்று காட்டும் இடத்தை முதல் முறையாகத் திறந்தேன். நூற்றுக்கு எழுபத்தொரு பேர் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர். சென்னை நான்கு.

நடந்தது இதுதான். ஒரு வீடியோவைப் போட்டவுடன் அது எல்லாருக்கும் போய்விடாது. இன்ஸ்டாகிராம் முதலில் நம்மைப் பின்தொடர்கிறவர்களில் சிலருக்குக் காட்டிப் பார்க்கும். யார் நின்று பார்க்கிறார்களோ, அவர்களைப் போன்றவர்களைத் தேடி அடுத்துக் காட்டும். என் பக்கத்தை ஆரம்பித்தபோது, என் அக்கா மகள் கல்யாணப் பந்தியில் இலை இலையாகப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் போனை வாங்கி, அவர்கள் கை கழுவுவதற்குள் நானே பின்தொடரும் பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். அதன் பிறகு மூன்று வளைகாப்பு, இரண்டு காதுகுத்து. சொந்தக்காரி போட்டாள் என்பதற்காக அவர்களும் தவறாமல் லைக் போட்டார்கள். போடாவிட்டால் நான் கேட்பேன். ஆகவே இந்த வீடியோ கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கானது என்று அந்த இயந்திரம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது. மலையிலிருந்து சாமை வீட்டுக்கே வந்து இறங்குகிற பதினோராயிரம் பேரிடம் நான் சாமை விற்றுக்கொண்டிருந்தேன். கரியாலூரில் டவர் ஒன்றிரண்டு மேட்டில் மட்டும்தான் எடுக்கும். கவியாவின் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இன்ஸ்டாகிராமிலேயே இல்லை. அவள் பக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சாமை குழைகிறதென்று தேடி வந்தவர்கள்.

தீபாவளிக்கு ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. கொளஞ்சியப்பனிடம்கூடச் சொல்லாமல் வேலையைத் தொடங்கினேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் முன்னறையில் ஒரு மூட்டைதான் இருந்தது. வீரமணி வந்து பார்த்துவிட்டு, “சரி அண்ணி, நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேற எடம் பாக்கறேன்” என்று போனான். கவியாவுக்கு இப்போது வியாழக்கிழமையே தீர்ந்துவிடுகிறது. ஆமாம், அவள் பக்கத்தை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செய்தது இவ்வளவுதான். பழைய பக்கத்தைச் சொந்தக்காரர்களுக்கே விட்டுவிட்டு, உறவில் ஒருவருக்கும் சொல்லாமல் புதிய பக்கம் ஒன்று தொடங்கினேன். காசு கட்டிப் போட்ட விளம்பரத்தில் சென்னை, கோவை, பெங்களூரு ஊர்களை மட்டும் சேர்த்து, கள்ளக்குறிச்சி மாவட்டத்தை நீக்கினேன். வாங்கியவர்கள் கூப்பிட்டால் போனை நானே எடுத்து, அவர்கள் கேட்பதை நோட்டில் எழுதி, ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி என்று பதில் சொன்னேன். பொட்டலம் போய்ச் சேர்கிற அன்று, குக்கரா பாத்திரமா என்று வாட்ஸப்பில் கேட்டு, அதற்கேற்ற தண்ணீர் அளவை அனுப்பினேன். அவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு, சாமை தீர்வதற்கு நான்கு நாள் முன்பு, இன்னும் வேண்டுமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.