மயிலுக்குக் கால்

ரிக்‌ஷாவின் பின்னால் மாட்டும் தகரத்தில் மயிலை வயிறுவரை வரைந்துவிட்டு ஓவியர் ஹஷ்மத் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அந்தத் தகரத்தின் முன் இஷ்தியாக் சார் தொழுகைக்கு நிற்பவர்போல அசையாமல் நின்றிருந்தார். டாக்காவில் எது கலை, எது வெறும் பெயின்ட் என்று தீர்ப்புச் சொல்லும் நாலைந்து பேரில் அவரும் ஒருவர். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார். ரிக்‌ஷா ஓவியக் கண்காட்சிக்குப் படம் பொறுக்க வந்திருந்தார்.

“தொடாதீங்க உஸ்தாத். முடிஞ்சுபோச்சு.”

“எது சார்?”

“இந்தப் படம். கால் இல்லாம, மண்ணத் தொடாம நிக்குது பாருங்க. இது பறவை இல்ல, ஏக்கம். சரியா இங்க நிறுத்தணும்னு எப்படித் தோணுச்சு?”

“பசிச்சுது சார்.”

தன் வண்டியின் பின்தகட்டுக்காகக் காலையிலிருந்து காத்துக்கிடந்த ரிக்‌ஷாக்காரர் ஜொப்பார், சிரிப்பைப் பீடிப்புகையோடு விழுங்கி இருமினார்.

சார் அசரவில்லை. ‘பசியே கலை’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கண்காட்சியின் நடுச்சுவர் இதற்குத்தான் என்றார். ஜொப்பாருக்கு வேறு தகடு போட்டுக்கொடுக்கலாம். இந்தப் படத்தின் கீழே ஹஷ்மத்தின் பெயரும் செல்பேசி எண்ணும் மட்டும் கூடாது. கலைஞன் மறைந்திருக்க வேண்டும். ஹஷ்மத்தின் தொழிலில் அந்த இரண்டையும் எழுதினால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு.

ஹஷ்மத் தள்ளி நின்று பார்த்தார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், சார் சொன்னதில் உண்மை இருந்தது. மயில் மிதந்தது. முப்பது வருடத்தில் அவர் போட்ட கால் ஒன்றுகூட மயிலுடையதாக வந்ததில்லை, எல்லாம் கோழிக்கால். சார் படம் பொறுக்க வருகிறார் என்று தெரிந்ததுமே, நடுச்சுவரில் தன் படம்தான் தொங்கப்போகிறது என்று பெண்டாட்டியிடம் வேறு நேற்றே அளந்துவிட்டிருந்தார்.

தூரிகையை மஞ்சளில் தோய்த்தார்.

“உஸ்தாத், கெடுத்துடுவீங்க. அப்புறம் நான் எடுத்துக்க மாட்டேன்.”

“கெடும்தான் சார். ஆனா என் மயில் எங்க முடியணும்னு என் சோத்து நேரமும் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது.”

இரண்டு கால்கள் வந்தன. கோழிக்கால்கள். கீழே பெயர், பிறகு எண், கடைசி இலக்கம்வரை அவசரமில்லாமல்.

“இப்ப முடிஞ்சுது.”

சார் குறிப்பேட்டை மூடிக்கொண்டு காரில் ஏறினார். ஜொப்பார் காயக்கூட விடாமல் தகட்டை வண்டியில் மாட்டினார். “முட்டை போடுமா உஸ்தாத்?”

“நீ ஒழுங்கா மிதிச்சா போடும். போ.”

சந்து முனையில் வழக்கமான நெரிசல். ரிக்‌ஷா நின்றது. சந்துக்குள் திருப்பி எடுக்க நேரமாகிவிட்ட சாரின் கார் அதன் பின்னால் வந்து சிக்கியது. கார்க் கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் மயில், ஈரம் காயாத மஞ்சள் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றது. கார் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. மயில் நகரவில்லை.