கல்லறைப் பக்கத்து கோல்

கால்டர்பெக் கால்பந்து மைதானம் சரிவானது. மேலே கல்லறைப் பக்கம், கீழே நூல் மில் பக்கம். மில் பக்கத்து கோலுக்குப் பின்னால்தான் உள்ளூர் ஜனம் நெருக்கியடித்து நிற்கும். டாஸ் ஜெயித்தால் கேப்டன் நார்மன் கிரிம்ஷா கல்லறைப் பக்கம் கை காட்டுவான். தெம்பிருக்கும்போதே மேடேறி ஆடிவிட வேண்டும். களைத்த பிறகு சரிவில் இறங்கி, சொந்த ஜனத்தின் கண்ணெதிரே கோல் அடிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம். லண்டனிலிருந்து பெரிய கிளப் கூப்பிட்டபோதுகூட, "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு இங்கேயே கிடந்த ஆள்.

சீசனின் கடைசி சனிக்கிழமை. உடை மாற்றும் அறையில் மேனேஜர் ஆக்ராய்ட் அவனைத் தனியாக அழைத்தார்.

"சுத்தி வளைக்கல, நார்மன். இன்னைக்கு ஜெயிச்சா இந்த டிவிஷன்ல நிப்போம், உனக்கும் இன்னொரு வருஷம். இல்லேன்னா கீழ் டிவிஷனுக்குப் போயிடுவோம். அப்புறம் முப்பத்தாறு வயசு முட்டிய யாரும் வெச்சுக்க மாட்டாங்க."

"சரி பாஸ்."

டாஸ் ஜெயித்தான். "எந்தப் பக்கம்?" என்றார் நடுவர். நார்மனின் கண் மில் பக்கம் போனது. இவர்களை இனி இப்படிப் பார்ப்போமா என்று நினைத்தான். கண் போன பக்கமே கையும் நீண்டுவிட்டது. நீட்டிய கையை மடக்க முடியுமா?

"அடப்பாவி!" என்று மில் பக்கமே அலறியது.

முதல் பாதி முழுக்கச் சரிவில் இறங்கி ஆடியும் ஒரு கோல்கூட விழவில்லை. எதிரணிக்கும் இல்லை. இனி மேடேற வேண்டும், அதுவும் தன் ஜனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. புத்தி கெட்டவன், புத்தி கெட்டவன் என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் இடைவேளை முடிந்து வெளியே வந்தான்.

மில் பக்கம் காலியாக இருந்தது.

ஜனமெல்லாம் டீ ஃபிளாஸ்க்கும் இறைச்சிப் பலகாரமுமாக, மைதானக் கோட்டோரமாகக் கல்லறைப் பக்கத்து கோலை நோக்கி மேலே நடந்துகொண்டிருந்தது. நார்மன் கிளப்பில் சேருவதற்கு முன்பிருந்தே ஒரே இடத்தில் நிற்கும் மில் தொழிலாளி எட்னா, மூச்சு வாங்க அவனருகில் வந்து நின்றாள்.

"டேய், கல்லறைப் பக்கம் எப்படியும் ஒருநாள் போகப்போறவதான் நான். அதுக்காக இன்னைக்கேவா நடக்க விடுவ?"

"கை தவறிடுச்சுக்கா."

"கால் தவறாம பாத்துக்க."

இத்தனை பேர் தனக்காக மேடேறும்போது தான் ஏறாமல் எப்படி? முட்டி கெஞ்சியது, அவன் காது கொடுக்கவில்லை. விழுந்தான், எழுந்தான், ஓடினான்.

ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருக்கையில் கார்னர் கிக் கிடைத்தது. பந்து தலைக்கு மேல் போய்விடும் போலிருந்தது. கூட்டத்திலிருந்து எட்னாவின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது: "பின்னால போடா, பின்னால!" நார்மன் இரண்டடி பின்வாங்கி எகிறினான். தலையில் பட்ட பந்து வலைக்குள் விழுந்தது. அந்த ஒரு கோல் போதுமாயிருந்தது.

விசில் ஊதியதும் ஆக்ராய்ட் ஓடிவந்தார். "வேணும்னேதான் பக்கத்த மாத்துனியா? பெரிய மூளைக்காரன்தான்யா நீ!"

"மூளையா? தப்பா காட்டிட்டேன், பாஸ்."

தடுப்புச் சுவர்மேல் சாய்ந்து நின்ற எட்னாவுக்கு அது கேட்டுவிட்டது. "அடுத்த வருஷமாச்சும் ஒழுங்கா காட்டுடா. இறங்குறதுக்குள்ள என் முட்டி போயிடும்."

அடுத்த வருஷம். நார்மன் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"காட்டறேன்க்கா. வாங்க, கையப் பிடிங்க. ரெண்டு முட்டியும் சேர்ந்தே இறங்கட்டும்."