வந்த பஸ்

எங்கள் மலையூர் வாட்ஸப் குழுவில் கெட்ட செய்திக்கு இடமில்லை. சட்டம் எதுவும் போடவில்லை, வழக்கம் அப்படி. நல்லதைப் போட்டால், அதில் போட்டவனுக்கும் கொஞ்சம் பெருமை சேரும். கெட்டதைப் போட்டால் முழுப் பழியும் அவனுக்கே.

அதனால்தான் தை மாதம் எங்கள் ஊருக்கு முதல் பஸ் ஏறியபோது, வார்டு மெம்பர் பூபாலன் அதற்கு ஒரு மாலை, தனக்கு ஒரு மாலை போட்டுக்கொண்டு, "எங்க ஊருக்கு பஸ் வந்துடுச்சு" என்று படம் போட்டார். நூற்றுப்பன்னிரண்டு பேர் கைகூப்பினார்கள். நான்காம் நாள், கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியவில்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதை யாரும் போடவில்லை.

பங்குனியில் பூபாலனின் மகள் தேவியைத் தங்கள் மகனுக்குப் பெண் பார்க்க, அடிவாரத்திலிருந்து லட்சுமணனும் அவர் மனைவி மாணிக்கம்மாளும் புறப்பட்டார்கள். பஸ் போகாத ஊரில் சம்பந்தமே வேண்டாம் என்றிருந்தவர்கள், யாரோ அனுப்பிவைத்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மனம் மாறியிருந்தார்கள். இந்த இடம் தவறிவிடக்கூடாதே என்று பூபாலனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போன் போட்டு உண்மையைச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்து, மலைக்கு ஆளேற்றி வரும் காலை ஜீப்பையும் தவறவிட்டு, ஏழு கிலோமீட்டர் ஏறி வந்த மாணிக்கம்மாள், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"இன்னா சம்பந்தி, பஸ்ஸு எங்க?"

"வந்துச்சுங்க."

"எப்ப?"

"தை மாசம். வந்துடுச்சுன்னுதாங்க போட்டேன். வருதுன்னு போடலியே."

லட்சுமணன் வந்த வழியே போகத் திரும்பினார். தேவி தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள்.

"மூணே நாள்தாங்க வந்துச்சு. அப்பா சொல்லியிருக்கணும், தப்புதான். தண்ணி குடிச்சிட்டுப் போங்க." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்க பையன் புது வேலைல சேர்ந்துட்டேன்னு ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாரே, இப்பவும் போய்ட்டுதான் கீறாருங்களா?"

லட்சுமணன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். சொம்பு காலியான பிறகும் அதை இறக்கவில்லை.

"ரெண்டு மாசமா வூட்லதான் கீறான்," என்றாள் மாணிக்கம்மாள்.

"அதுக்கின்னாங்க, இந்தக் காலத்துல..." என்று பூபாலன் ஆரம்பித்தார்.

"அப்பா, கம்முனு இரு."

மாணிக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்ன எனக்குப் புடிச்சிக்கீது. நீ இன்னாம்மா சொல்ற?"

"வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் அவரையே வரச் சொல்லுங்க. ஏழு கிலோமீட்டர்தான். நடந்து வரட்டும், பேசிப் பாக்கறேன்."

"வருவான். வரலன்னா நானே இட்டுகினு வர்றேன்."

எல்லாம் தான் சொல்லிக்கொடுத்தது என்பதுபோல் பூபாலன் மீசையை முறுக்கிக்கொண்டார்.