ஒன்பதும் இருபத்திரண்டும்

எனக்கு வாய் நீளம் என்று மண்டூர் முழுக்கச் சொல்லும். ஆனாலும் போன மாதம் மகள் பிரஷாந்திக்குப் பேசி வந்த நல்ல சம்பந்தத்தைக் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பினேன். பொடியனை அவளுக்கும் பிடித்திருந்தது. மூன்று நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

காரணம் என் இரத்தம். எனக்கு இரத்தப் புற்றுநோய். கொழும்பிலிருந்து வந்த அறிக்கையை வாசித்த பக்கத்து வீட்டு நல்லரத்தினம், "இது ஜீன் பிழை, சின்னத்தங்கம். ஜீன் எண்டா பரம்பரையா வாறது" என்றார். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியேதான் இறங்கும். மகனின் பிள்ளைகள்கூட மருமகளின் குடிதான். அப்போ நோயும் அப்படித்தானே? மகன் ரதீஸோடு இது நின்றுவிடும், பிரஷாந்தியோ தன் பிள்ளைக்கும் கொடுப்பாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பாவி, பெற்ற வயிற்றாலேயே அவளைக் கெடுத்தேனே என்று அழுது தீர்த்தேன்.

கிளினிக் நாளன்று நானும் பிரஷாந்தியும் மட்டக்களப்புக்குப் போனோம். என் முறை வந்ததும் அவளைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டு டொக்டரிடம் உடைத்துக் கேட்டேன். ஸாதியா என்று பெயர், சின்ன வயதுப் பெண்.

"என்ட மகளுக்கும் இது இறங்குமா டொக்டர்? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் அறிக்கையில் இருந்த படத்தைக் காட்டினார். சோடி சோடியாகக் குரோமோசோம்கள், புழுப் புழுவாக, ஒவ்வொரு சோடிக்கும் ஓர் இலக்கம் போட்டு.

"ஒன்பதும் இருபத்திரண்டும் உடைஞ்சி, துண்டு மாறி ஒட்டியிருக்கு. இது நீங்க பிறக்கக்குள்ள இருக்கல்லம்மா. பிறகு எலும்பு மச்சையில ஒரு கலத்தில, ஒரேயொரு செல்லில, நடந்த பிழை. அந்தக் கலம்தான் பெருகியிருக்கு. உங்கட புள்ளையளுக்கு இது போகல்ல."

"ஜீன் எண்டாங்களே?"

"ஜீன் பிழைதான். ஆனா பரம்பரைப் பிழை இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"என்ட மண்டூர் முருகா!" இருந்த இடத்திலேயே கும்பிட்டேன். நல்லரத்தினத்துக்கு இன்றைக்கு இருக்கிறது என்று எழுந்தேன். வாசலில் தேநீரோடு பிரஷாந்தி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இதுக்குத்தானா அம்மா?"

"ஓம் மனே. இப்ப எல்லாம் சரி. வா, அவங்கட வீட்டுக்கு இண்டைக்கே ஆள் அனுப்புவம்."

அவள் நகரவில்லை. என் தோளைப் பிடித்துக் கதிரையில் திரும்ப இருத்தினாள்.

"கலியாணம் கிடக்கட்டும். டொக்டர், எங்கட அம்மா இருப்பாவா?"

ஒரு மாதமாக அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை.

"குளிசைய ஒரு நாளும் விடாமப் போட்டா, கனபேர் கனகாலம் நல்லா இருக்காங்க" என்றார் டொக்டர்.

பிரஷாந்தி குந்தியிருந்து என் மடியில் முகம் புதைத்துக் குலுங்கினாள். அவள் தலையைத் தடவினேன். அப்போதுதான் எனக்கும் உயிர்மேல் ஆசை வந்தது.