பீலித் தண்ணீரும் ஒரு கண்ணாடிச் சில்லும்

1

வட்டகொடை ஸ்டேஷனில் காதில் விழுந்த ஒரு வரிதான் இந்தக் கதை: "பச்சைத் தண்ணிய எப்புடிங்க குடுக்கிறது?" சொன்னவளை நான் பார்க்கவில்லை. கதைகள் எனக்குப் பேச்சாகத்தான் வரும். முகத்தை நான்தான் தேடவேண்டும்.

2008இல், அக்கரப்பத்தனை மலையில், மழை விடாத ஒரு

(வேண்டாம். மழையில் தொடங்கினால் இப்போதே இரக்கப்பட்டுவிடுவீர்கள்.)

2

வீரம்மா தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருக்கிறாள். ஹற்றனில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ரோகினி, ஓர் ஆராய்ச்சிக்காக வாராவாரம் வருகிறாள். அவளிடம் நகமளவு கண்ணாடிச் சில்லு. உள்ளே மயிரிழை வாய்க்கால்கள். ஒரு துளி தண்ணீர் அதில் ஓடினால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் இரசாயனம் இருக்கிறதா என்று பக்கத்துப் பெட்டி காட்டும்.*

மலையூற்று குழாய் வழியாக விழும் பீலிதான் லயத்துக்கே தண்ணீர்; அங்கே போகும் பாதை வழுக்கும். அதனால் ஊற்றுத் தண்ணீரை வீரம்மாவே ரோகினியின் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைப்பாள்.

"திரும்பவும் காட்டுது அம்மா. பீலியைப் பூட்டச் சொல்லி எழுதவேண்டி வரும்."

"எழுதிட்டும் வருவீங்கதானே மிஸ்?"

"வராம? இன்னும் நிறையச் சோதிக்கக் கிடக்கு."

* எப்படி என்று மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். வீரம்மாவுக்கு விளங்கிய அளவு உங்களுக்கும் போதும்.

3

நடந்தது இது. பெட்டிக்கு ஒரு துளி, மிச்சம் மிஸ் வழியில் குடிக்க என்று வீரம்மா நினைத்துவிட்டாள். அந்தக் குளிரில் வந்தவளுக்குப் பச்சைத் தண்ணீரா? கொதிக்கவைத்தாள். சூடு பட்டால் கண்ணாடி வெடிக்குமே என்று முதலில் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி ஆறவைத்து, பிறகு மாற்றினாள்.

"கொதிதண்ணி பிளாஸ்டிக்கில பட்டாலும் இந்தச் சாமான் வரும். இது பீலியில நேராப் பிடிச்சதுதானே அம்மா?"

வீரம்மாவுக்கு விளங்கிவிட்டது. சொன்னால் பீலி தப்பும். ரோகினி வேலை முடிந்ததென்று பெட்டியை மூடுவாள். அடுத்த கிழமை யாரும் வரமாட்டார்கள்.

4

முடிவு ஒன்று: சொல்கிறாள். ரோகினி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஐயோ அம்மா, என்னைக் கைக்குழந்தை எண்டே நினைச்சனீங்கள்?" பஸ் ஏறுகிறாள். வீரம்மா திரும்பி வந்து கதவை

(முடிக்க முடியவில்லை.)

முடிவு இரண்டு: "பீலித் தண்ணிதாங்க மிஸ்." பொய்கூட இல்லை. பீலிக்குப் பூட்டு விழுகிறது. பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி குடத்தோடு மேட்டு லயத்துக்கு ஏறுகிறாள்.

(இதை வீரம்மாவே எழுதவிடவில்லை. "அவ புள்ளத்தாச்சிங்க," என்றாள்.

"அப்போ சொல்லிடேன்," என்றேன்.

"சொல்லிட்டு?"

அந்தப் பக்கத்தையும் கிழித்தேன்.)

5

ரோகினி போத்தலை வெளிச்சத்தில் பிடித்தபடி நிற்கிறாள். வீரம்மா வாயைத் திறக்கிறாள். எதுவானாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் சொன்ன கையோடு எழுந்து போய்விடாதீர்கள். பஸ் போன பிறகும் அவளோடு கொஞ்சம் இருங்கள்.