சுருட்டுக்கு ஒரு குளிர் அலமாரி

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரார் வீட்டு ஃபிரிட்ஜெல்லாம் அவர் கைபட்டால் ஜம்மென்று ஓடும்; எங்கள் வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சுருட்டு வைக்க அலமாரி செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுருட்டுக்கு எதுக்குங்க ஏசி? நமக்கே இல்ல."

"அண்ணன் வர்றாருடி."

கப்பலில் வேலை பார்த்த அவர் அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெட்டிச் சுருட்டைக் கொடுத்து, "வேலையை விட்டுட்டு வர்ற அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பிடிப்போம். பத்திரம்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அதைப் பீரோ மேல் போட்டு மறந்தே போனார். போன மாதம் எடுத்துப் பார்த்தால் சுள்ளி மாதிரி காய்ந்து கிடந்தது. 'இவன்கிட்ட எதைக் கொடுத்தாலும் உருப்படாது' என்பது அண்ணன் நாற்பது வருஷமாகப் பாடும் பாட்டு. இந்த ஒரு தடவையாவது அது பொய்யாக வேண்டும் என்று இவருக்குத் தவிப்பு.

பழைய கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜின் குடலை உருவினார். கம்ப்ரஸர் ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். பதிலுக்குச் சின்னக் குளிர்த்தகடு, மின்விசிறி, பதினெட்டு டிகிரிக்கு ஒரு தெர்மோஸ்டாட். உள்ளே தேவதாருப் பலகை, நனைத்த பஞ்சு. ஈரம் காட்டும் மீட்டரையும் நம்பாமல், ஈர உப்போடு டப்பாவில் அடைத்தால் எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டுமாம், காட்டுகிறதா என்று சோதித்தார். என் பிறந்தநாளை ஒரு வருஷமாவது இப்படிக் கவனித்திருப்பாரா?

அலமாரிக்குள் மீட்டர் முள் அறுபத்தைந்தில் நின்றது; சுருட்டுக்கு அதுதான் பதமாம். சுருட்டுகள் மெல்ல இளகின.

அண்ணன் வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது கதவு ரப்பர் பிய்ந்தது. சிலிக்கான் பசை போட்டு ஒட்டினார். பசை காயும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழில் பாடம். பழக்கதோஷம்! சுருட்டுகளை உள்ளேயே விட்டு டேப் ஒட்டிவிட்டார். மூன்றாம் நாள் திறந்தால் பசை கக்கிய வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் சிரித்தோம் என்றாகிவிட்டது.

மறுநாள் அண்ணன் வந்தார். ஒரு சுருட்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"பதமா இருக்கேடா! நீயா செஞ்சே?"

நெடி கூடமெல்லாம் வீசுகிறது, அவர் முகம் சுளிக்கவே இல்லை.

"காய்ச்சல்ல மூக்கு செத்துப்போச்சுடா, வருஷம் ஒண்ணாச்சு. எப்படி மணக்குது, நீ சொல்லு."

'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை போதும், நாற்பது வருஷப் பாட்டு அன்றோடு ஓய்ந்துவிடும். சொல்லித் தொலையுங்களேன் என்று நான் கண்ணைக் காட்டினேன்.

"வினிகர் நாத்தம்ணே. பசையை வச்சுக் கெடுத்துட்டேன்."



"எதைக் கேட்டாலும் எல்லாரும் பாவம் பார்த்து 'கமகமன்னு இருக்கு'ங்கிறாங்க. நாத்தம்னு சொன்ன ஒரே ஆள் நீதான்டா" என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இனிமே எனக்கு மூக்கு நீதான். பத்த வை."

என் வீட்டுக்காரர் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார், இருமினார், பிறகு அது எப்படி இருக்கிறது என்று ஒன்று விடாமல் அண்ணனுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.