நடக்க வேண்டியவளும் நடந்தவளும்

பென்னலூரில் செல்லம்மாளும் கோவிந்தம்மாவும் ஓரகத்திகள். அண்ணன் கோதண்டத்தைக் கட்டியவள் செல்லம்மாள், தம்பி எல்லப்பனைக் கட்டியவள் கோவிந்தம்மா. சமையல் தனி, வாசல் ஒன்று. ஒருத்தி மிக்சி வாங்கினால் மறுவாரமே மற்றவள் வீட்டிலும் மிக்சி அலறும். பிரஷர்கூட இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில்தான் வந்தது.

1991 ஜூனில் மெட்ராஸிலிருந்து டாக்டர் எழிலரசி வந்து, பஞ்சாயத்து ஆபீசில் எடை மெஷினோடு உட்கார்ந்தார். பிரஷர் இருக்கும் பெண்கள் தினம் நாற்பது நிமிஷம் நடந்தால் இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று ஆராய்ச்சி. மாத்திரை எல்லோருக்கும் உண்டு. நடை மட்டும் பாதிப் பேருக்கு. யார் நடப்பது என்று ஒட்டிய கவர்தான் சொல்லும்.

செல்லம்மாளின் கவரில் நீலச் சீட்டு. நடக்க வேண்டும். கூடவே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. கோவிந்தம்மாவுக்கு வெள்ளைச் சீட்டு. வழக்கம்போல இருந்தால் போதும்.

"அவங்களுக்கு ஷூ, எனக்கு வெறுங்காயிதமா? எனக்கு மட்டும் நெஞ்சு இல்லியா டாக்டரம்மா?" என்றாள் கோவிந்தம்மா.

"இது குலுக்கல்மா. நடக்கறவங்களையும் நடக்காதவங்களையும் வெச்சுப் பாத்தாதானே வித்தியாசம் தெரியும்? ஆறு மாசம் பொறுத்துக்குங்க."

கோவிந்தம்மா தலையாட்டினாள். பொறுத்துக்கொள்வதாக இல்லை.

செல்லம்மாள் மூன்று நாள் நடந்தாள். நாய்கள் ஷூவைப் பார்த்துக் குரைத்தன. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "இன்னாக்கா, மிலிட்டிரில சேந்துட்டியா?" என்று கேட்டாள். நான்காம் நாளிலிருந்து, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பி, மூன்றாவது தெருவில் இருந்த தையல்கார சரோஜா வீட்டில் போய் உட்கார்ந்தாள். அங்கே டிவி இருந்தது, பஜ்ஜியும் இருந்தது. நாற்பது நிமிஷம் கழித்து, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வியர்வையோடு வருவதுபோல வீடு திரும்புவாள். டாக்டர் கொடுத்த நோட்டில் ஒரு டிக் போடுவாள்.

கோவிந்தம்மாவோ தினமும் விடிந்ததும் எருமையைத் தானே அவிழ்த்துவிட்டு, "ஐயோ, எருமையக் காணோம்!" என்று ஏரிக்கரைக்கு ஓடுவாள். கரையின் கோடி வரைக்கும் போய்த் திரும்புவாள். மறைமலை நகர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து பஸ்ஸில் வந்து இறங்கும் எல்லப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தெனைக்கும் இந்த எருமை எங்கதான் போவுது? நான் போய் ஓட்டியாறன்."

"நீ ஓடியாடி வேலை செஞ்சிட்டு வந்துகீற. போய்ப் படு."

எல்லப்பன் புதுக் கயிறு வாங்கி இரட்டை முடிச்சுப் போட்டான். கோவிந்தம்மா அதையும் அவிழ்க்கப் பழகிக்கொண்டாள்.

டிசம்பரில் டாக்டர் திரும்ப வந்தார். செல்லம்மாள் மூன்று கிலோ ஏறியிருந்தாள், பிரஷர் நூற்றெழுபது. கோவிந்தம்மா ஐந்து கிலோ இறங்கியிருந்தாள், பிரஷர் நூற்று முப்பது. எழிலரசிக்கு மெஷின்மேல் சந்தேகம் வந்தது. தானே ஏறிப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது. செல்லம்மாளின் நோட்டைப் புரட்டினார்.

"நவம்பர்ல ஊரே தண்ணில மெதந்துச்சே. அன்னிக்கும் நாப்பது நிமிஷம் நடந்தீங்களா?"

"குடை புடிச்சிகினு போனேன்."

"எங்க?"

"சரோஜா வூட்டுக்கு!" என்றாள் பின்னாலிருந்து கோவிந்தம்மா. "டிவி பாக்க!"

"இவ மட்டும் ஒழுங்கா?" செல்லம்மாள் திரும்பினாள். "எருமைய அவுத்து வுட்டது யாருன்னு கேளு டாக்டரம்மா. ஜன்னல் வழியா தெனைக்கும் பாத்துகினுதான் இருந்தேன்."

ஆறு மாதமாக இருவருக்கும் எல்லாமே தெரிந்திருக்கிறது. எழிலரசி தலையில் கை வைத்துக்கொண்டார். கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

செல்லம்மாள்தான் வழி சொன்னாள். "பேர மாத்தி எழுதிக்கோ. அவ நீலம், நான் வெள்ளை. முடிஞ்சுது."

"முடியாதும்மா. கவர்ல எது வந்துச்சோ, கடைசி வரைக்கும் அதுதான். நீங்க நடந்த கூட்டம், அவங்க நடக்காத கூட்டம்."

"நான் தெனமும் கோடி வரைக்கும் நடந்தேனே!" என்று கத்தினாள் கோவிந்தம்மா.

"நடந்தீங்க. ஆனா ஊர்ல டாக்டர் நடன்னு சொன்னா எல்லாருமா நடக்கறாங்க? சொன்னா என்ன ஆவுதுன்னும் நான் பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் செஞ்சதையும் அப்படியே எழுதிடுவேன்." பேனாவை மூடிவிட்டு செல்லம்மாளின் கையைப் பிடித்தார். குரல் மாறியது. "இது ஆராய்ச்சிக்கு இல்ல, உங்களுக்குச் சொல்றேன். நூத்தெழுபது நல்லதில்லம்மா. மாத்திரையக் கூட்டணும். இனிமே யாருக்கும் தடையில்ல, யார் வேணா நடக்கலாம்."

செல்லம்மாள் வீடு வரும்வரை மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பயந்துவிட்டாள் என்பது கோவிந்தம்மாவுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவளை ஜெயித்த முதல் நாள். ஆனாலும் சந்தோஷம் வரவில்லை.

"காலைல வாக்கா, கூடப் போலாம்."

"உன் பின்னாடி நான் வர்றதா? ஊரு சிரிக்கும்."

"அப்ப முன்னாடி போ."

"நீ பின்னால நின்னுகினு சிரிப்ப."

விடிய விடியச் சண்டை போட்டும் தீராமல் கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. கோவில் பக்கத்திலிருந்து ஒருத்தி, மதகுப் பக்கத்திலிருந்து ஒருத்தி. ஏரிக்கரை நடுவில் எதிரெதிராகக் கடக்கும்போது இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது.

முதல் நாளே செல்லம்மாள் அதை மீறினாள். மூச்சு வாங்க நின்று, "இன்னாடி, இதுக்குள்ள பாதி வந்துட்டியா?" என்றாள்.